காரியதரிசியின் பொறுமை

அஞ்சுகிராமம்,
1933 ஜூன் 18.

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு,

ஊரெல்லாம் உறங்கிய பிறகு விளக்கைத் தூண்டிவிட்டு எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். பகலில் பேனாவைத் தொட்டால் மை காயுமுன் ஒரு வேலை வந்து முன்னால் நிற்கிறது. எழுத்து கோணலாயிருந்தால் பழியைத் தூக்கத்தின் மேல் போடுங்கள், என் பி.ஏ. படிப்பின் மேல் போடாதீர்கள். இங்கே எல்லாருக்கும் சுகந்தான். கொழும்பில் உங்களுக்கு அந்த இருமல் விட்டதா?

உங்கள் மச்சான் செய்த காரியத்தை வேறு யாரும் எழுதுமுன் நானே எழுதிவிடுகிறேன். நம் வாலிபர் பந்தாட்ட சங்கத்துக்கு அவரைக் காரியதரிசியாக்கி இன்னும் வருஷம் ஒன்று ஆகவில்லை. போன வாரம் சிலுவைதாசனைக் குளச்சல் சங்கத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆமாம், அதே சிலுவைதாசன்தான். இங்கே அக்காள் வீட்டில் தங்கி நமக்காக ஆடி, நம் கோல்களில் பாதியைத் தானே போட்டவன். பதிலுக்கு என்ன வாங்கினார் என்கிறீர்கள்? மீசை அரும்பாத இரண்டு கடற்கரைப் பிள்ளைகள். ஒருவன் தோளில் ஒருவனை ஏற்றி நிறுத்தினால் ஒரு சிலுவைதாசன் உயரம் வரும்.

அவர் பாடம் நடத்துகிற பள்ளிக்கூட மைதானமும் எங்கள் அடுக்களையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். ஊர்க்காரர்கள் அந்தச் சுவரில் சாய்ந்துதான் பந்தாட்டம் பார்ப்பார்கள், சண்டை போடுவார்கள். நான் இந்தப் பக்கம் மீன் கழுவிக்கொண்டு கேட்பேன். நேற்று மளிகைக்கடை ராஜையனும் தையல்காரர் நேசமணியும் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏலே நேசமணி, உழுத காளையக் குடுத்துட்டு ரெண்டு கன்னுக்குட்டி வாங்கியிருக்காரு வாத்தியாரு. இனி எவன்டே உழுவான்?"

"கன்னுக்குட்டி வளராதா? சிலுவைதாசனுக்கு இன்னும் எத்தன நாளு கால் ஓடும்? சாரு தூரத்தப் பாக்காரு."

"தூரத்தப் பாத்துக்கிட்டு நடக்கவன் பக்கத்துல கெடக்க சாணிய மிதிப்பான், கேட்டியா?"

நான் ராஜையன் கட்சி. வீட்டில் கேட்டால், "பொறு இசபெல், மூணு வருஷத்துல பாரு" என்கிறார். கோபப்பட்டாலாவது பதிலுக்கு ஒன்று சொல்லலாம். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பூங்கனிக்கு ஒன்றேகால் வயசாகிறது. இன்னும் எழுந்து நிற்கவில்லை. வேறு விசேஷமில்லை. மழையில் நனையாதீர்கள்.

உங்கள் தங்கை,
இசபெல்.


கொழும்பு,
1933 ஜூலை 5.

அன்புத் தங்கை இசபெல்லுக்கு,

அண்ணனின் ஆசீர்வாதம். இருமல் விட்டது, பதிலுக்கு ஜலதோஷம் வந்து குடியேறியிருக்கிறது. நீயும் மச்சானும் பிள்ளையும் தேவ கிருபையால் நலமென்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை எங்கள் விடுதியில் நம் ஊர்ப் பையன்கள் நடுவே உரக்க வாசித்தேன். சோறு ஆறிப்போகும் வரை வாதம் நடந்தது. பாதிப் பேர் ராஜையனுக்கு, பாதிப் பேர் மச்சானுக்கு. நான் மச்சானுக்கு. சிலுவைதாசன் சூரன்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் மற்றவர்களெல்லாம் சும்மா நிற்பார்கள். அவன் காய்ச்சலில் படுத்தால் சங்கமே கஞ்சி குடிக்கும். அப்படிப்பட்டவனை நம்பி எத்தனை காலம் ஓட்டுவது? மச்சான் விதைநெல்லைத் தனியே எடுத்து வைக்கிறார். பசிக்கிறதென்று அதைக் குத்தித் தின்னச் சொல்லாதே.

எனக்குக் கணுக்கால் முறிந்த வருஷம் உனக்கு ஓர்மை இருக்கும். அப்போது மச்சான்தான் கேப்டன். பின்வரிசையில் என் இடத்துக்கு ஆள் போடச் சொல்லி எல்லாரும் நச்சரித்தார்கள். "எலும்பு கூடட்டும், ஜஸ்டஸ் வருவான்" என்று ஒரே பேச்சாய் நின்றார். நான் வந்தேன், ஆடினேன். அந்த மனுஷனை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த இரண்டு பிள்ளைகளும் எப்படி ஆடுகிறார்கள் என்று விவரமாய் எழுது. எல்லாரும் காத்திருக்கிறார்கள். பூங்கனிக்கு ஒரு முத்தம்.

அன்புள்ள அண்ணன்,
ஜஸ்டஸ்.


அஞ்சுகிராமம்,
1933 ஜூலை 30.

அன்பான அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஜலதோஷத்துக்கு சுக்குவெந்நீர் வைத்துக் குடியுங்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கந்தான் குறைவு.

விவரம் கேட்டீர்கள், எழுதுகிறேன், வயிறெரிந்து எழுதுகிறேன். இப்போது புதுச் சட்டம் ஒன்று போட்டிருக்கிறார். பந்து நம் பிள்ளைகள் எல்லார் காலிலும் ஒரு சுற்றுப் போய் வராமல் எவனும் கோலுக்கு அடிக்கக் கூடாது. பழகும்போதுதான் இப்படி என்று நினைத்தேன். போன சனிக்கிழமை மயிலாடிக்காரர்களோடு ஆடிய ஆட்டத்திலும் இதே சட்டம். குளச்சலிலிருந்து வந்த சின்னவனுக்கு முன்னால் கோல் திறந்து கிடக்கிறது. கோல் காக்கிற அவர்களுடைய கோலி வழுக்கி விழுந்து முகமெல்லாம் சேறோடு படுத்திருக்கிறான். அப்போது இந்தப் பயல் என்ன செய்தான் தெரியுமா? பந்தைத் திருப்பிப் பின்னால் நின்றவனுக்குக் கொடுத்தான்! எல்லார் காலிலும் இன்னும் போகவில்லையாம்.

சுவருக்கு அந்தப் பக்கம் ராஜையன் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் என் அடுக்களைக்குக் கேட்டது. "அட சவமே! படுத்துக் கெடக்கவனத் தாண்டிப் பந்த உருட்டத் தெரியாதா? பனங்கொட்டையப் பொதைச்சு வச்சுக்கிட்டு நாளைக்கு நொங்கு விக்கப் போறாருலே வாத்தியாரு!" நேசமணி கூட அன்று பாதி ஆட்டத்திலேயே தையல் மிஷினுக்குத் திரும்பிவிட்டார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து ஒவ்வொருவன் காலையும் மடியில் எடுத்து வைத்துப் பார்க்கிறார். கணுக்கால், முட்டு, குதிங்கால் எல்லாம் விரலால் அழுத்திப் பார்த்து, "ஒனக்கு வலது காலு நோவுது, நீ மறைக்கா" என்று கண்டுபிடித்துவிடுகிறார். எண்ணெய் போட்டு நீவியும் விடுகிறார்.

பூங்கனியைக் குளிப்பாட்டும்போது ஒன்று கண்டேன். இடது தொடை மடிப்பும் வலது தொடை மடிப்பும் ஒன்றுபோலில்லை. துணி மாற்றக் காலை விரித்தால் இடது கால் பாதியில் நின்றுவிடுகிறது, வீறிட்டு அழுகிறாள். அவரிடம் சொன்னேன். பார்த்தார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சினார். அவருடைய அக்காள் முத்துக்கனி மதினி வந்திருந்தாள். "பொம்பளப் பிள்ள பைய நடந்தாப் போதும். ஓடி எங்க போகப் போறா? எங்க வீட்டுல எல்லாரும் ரெண்டு வயசுக்குத்தான் எந்திரிச்சோம்" என்றாள். இந்த வீட்டில் எல்லாருமே மெதுவாகத்தான் எழுந்திருப்பார்கள் போலிருக்கிறது.

உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

இசபெல்.


கொழும்பு,
1933 ஆகஸ்ட் 27.

அன்புத் தங்கைக்கு,

சுக்குவெந்நீர் வேலை செய்தது. இங்கே சுகம், அங்கேயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

திறந்த கோலுக்கு முன் நின்று பந்தைத் திருப்பிக் கொடுத்தவன் கதையை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்கள். சிரித்துச் சிரித்து ஒருத்தனுக்குப் புரையேறிவிட்டது. ஆனால் சிரித்து முடித்ததும் நான் கேட்டேன்: கோல் கண்முன் திறந்து கிடக்கும்போது சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்க ஒரு சின்னப் பையனால் முடிகிறதென்றால் அவனைப் பழக்கியவன் லேசுப்பட்டவனா?

அந்தப் பையன் பெயர் என்ன? இடது பக்கம் ஆடுகிறானா, வலது பக்கமா? குளச்சலோடு ஆட்டம் எப்போது? எல்லாம் எழுது. பூங்கனியைப் பற்றி விசாரப்படாதே, பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாளில் நடந்துவிடுகிறார்களா? பொறு.

அன்புள்ள,
ஜஸ்டஸ்.


அஞ்சுகிராமம்,
1933 அக்டோபர் 8.

அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலமும் கேட்கிறேன்.

குளச்சல் வந்தது. ஐந்து கோல் வாங்கினோம். திருப்பி ஒன்றுகூட இல்லை. ஐந்தில் நாலு சிலுவைதாசன் போட்டது. நாலாவது கோலுக்கு அவனே வெட்கப்பட்டுத் தலை குனிந்து ஓடினான். நம் பிள்ளைகள் அப்போதும் பந்தைச் சுற்றுக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள், கல்யாண வீட்டில் தாம்பாளம் சுற்றுகிற மாதிரி.

"கோலி எதுக்கு நிக்கான்? அவனையும் குளச்சலுக்கே குடுத்துருங்க சாரே!" என்று ராஜையன் கத்த, மைதானமே சிரித்தது. சாணியைக் கரைத்து எங்கள் சுவரில் வீசினார்கள். மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு பனங்கொட்டை. எந்த நாசகாரன் வைத்தானோ! உங்கள் மச்சான் அதை எடுத்து உருட்டிப் பார்த்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? "நல்ல கொட்டதான்" என்று கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து காப்பி கேட்டார். சாணிச் சுவரைக் கழுவியவள் நான், அண்ணா.

கிணற்றடியில் பெண்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். அதுகூடப் பெரிதில்லை. பூங்கனி இப்போது சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. ஒரு பக்கமாய்ச் சரிந்து நிற்கிறாள். இடது குதிங்கால் தரையைத் தொடவில்லை. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுவோம் என்றேன். "மழ முடியட்டும் இசபெல். நனஞ்ச பஸ்ஸுல பிள்ளையத் தூக்கிக்கிட்டு அலைய முடியுமா? அதுக்குள்ள கால் தானா பெலத்துரும்" என்றார். ஊரான் வீட்டுப் பிள்ளைகளின் காலையெல்லாம் மடியில் வைத்துப் பார்க்கிற கைக்கு இந்தக் காலைத் தொடத் தெரியவில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இசபெல்.


கொழும்பு,
1933 நவம்பர் 2.

அன்புள்ள இசபெல்,

உன் கடிதம் கண்டு மனம் சங்கடப்பட்டது. ஐந்து கோலா! விடுதியில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் என் எண்ணம் மாறவில்லை. இந்த அவமானத்தைத் தாங்கிக்கொண்டு மச்சான் ஒரு பிள்ளையையும் மாற்றாமல் வைத்திருக்கிறாரே, அதுதான் ஆண்மை. ஊர்ச் சத்தத்துக்குப் பயந்து மாற்றியிருந்தால் போட்டதெல்லாம் வீண். பனங்கொட்டையைப் புதைத்தாரே, அதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டேன். அவரிடம் என் அன்பைச் சொல். இந்தப் பண்டிகைக்கு வர எனக்கு லீவு கிடைக்கவில்லை. உனக்கும் பிள்ளைக்கும் சுகம் உண்டாகட்டும்.

ஜஸ்டஸ்.


அஞ்சுகிராமம்,
1933 டிசம்பர் 17.

அண்ணனுக்கு,

பண்டிகைக்கு வர முடியாதென்று எழுதியிருந்தீர்கள். சுகமாக இருந்தால் போதும். இங்கே மழை முடிந்துவிட்டது. பாதையெல்லாம் காய்ந்து தூசி பறக்கிறது. முடிந்ததும் போகலாம் என்றாரே, நினைவுபடுத்தினேன். "கிறிஸ்மஸ் கழியட்டும்" என்றார். கிறிஸ்மஸ் கழிந்தால் ஈஸ்டர் கோப்பை ஆட்டக்காலம். ஆட்டக்காலம் கழிந்தால் பள்ளிக்கூடப் பரீட்சை. அப்புறம் திரும்ப மழை வரும்.

நான் எழுதும் கடிதத்தில் பாதியைத்தான் நீங்கள் வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பந்து இருக்கிற பாதியை. மற்ற பாதியை விடுதியில் உரக்க வாசிக்கும்போது தாண்டிப்போகிறீர்களா, அல்லது தனியாக இருக்கும்போதும் தாண்டிப்போகிறீர்களா? எது என்று சொல்லுங்கள். சண்டைக்குக் கேட்கவில்லை.

பந்துப் பாதியையும் தந்துவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏமாந்துபோவீர்கள். பூதப்பாண்டிக்காரர்களோடு சமன் செய்தார்கள். தோவாளைக்காரர்களை ஜெயித்தார்கள். ராஜையன் இப்போது, "பாப்போம், பாப்போம்" என்கிறான். எனக்குச் சந்தோஷமில்லை. ஒவ்வொரு ஆட்டம் ஜெயிக்கும்போதும் அவருடைய "பொறு" இன்னும் கனமாகி வந்து என் தலையில் உட்காருகிறது. அவர்கள் தோற்கவேண்டும் என்று கோயிலில் உட்கார்ந்து ஜெபித்தேன். எழுதவே கூசுகிறது.

பூங்கனி நடக்கிறாள். ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் இறங்கி ஏறுகிறது. வாத்து நடை என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அவளும் சேர்ந்து சிரிக்கிறாள். மதினி சொல்கிறாள்: "பாத்தியா, நடந்துட்டாளே! நீ எல்லாத்துக்கும் பதறுகா."

நேராகக் கேட்கிறேன். அவரைக் கேட்காமல் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நெய்யூருக்குப் போகலாமா? நீங்கள் போ என்று ஒரு வார்த்தை எழுதினால் போய்விடுவேன்.

உங்கள் உடம்பு எப்படியிருக்கிறது?

இசபெல்.


கொழும்பு,
1934 பிப்ரவரி 18.

அன்புத் தங்கை இசபெல்லுக்கு,

பதில் தாமதித்ததற்கு வருந்துகிறேன். வேலை அதிகம். உடம்பு சுகம். நேசமணியும் எனக்கு எழுதினார். நம் சங்கம் ஈஸ்டர் கோப்பைக்குக் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டதாமே! எதிர்ப்பக்கம் குளச்சல்! படித்ததும் இங்கே ஒருத்தன் மேசை மேல் ஏறிக் குதித்தான்.

நீ கேட்டதைப் பற்றி யோசித்தேன். இந்த நேரத்தில் நீ தனியே புறப்பட்டுப் போனால் ஊர் என்ன பேசும்? வருஷம் பூராவும் ஊரோடு முட்டி நின்ற மனுஷனை, வெற்றி வாசல் வரை வந்திருக்கும்போது வீட்டுக்குள்ளே தலைகுனிய வைக்கலாமா? ஈஸ்டர் முடியட்டும். அதன் பிறகு அவரே கூட்டிக்கொண்டு போவார், நான் ஜாமீன். அதுவரை பொறு, மக்கா.

பிள்ளைக்கு முத்தம்.

ஜஸ்டஸ்.


அஞ்சுகிராமம்,
1934 மார்ச் 4.

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம். டிசம்பரில் கேட்டதற்குப் பிப்ரவரியில் பதில் சொன்னீர்கள், அதிலும் அதே வார்த்தை. உங்கள் எல்லாருக்கும் ஒரே வாத்தியார் பாடம் எடுத்திருக்கிறார் போலும். எனக்கு வெறுத்துப்போயிற்று. உங்கள் முறிந்த கணுக்காலுக்கு ஊரே காத்திருந்தது, சரி. எலும்பு கட்டிப்போட்டுக் கிடந்தது, அதனால் கூடிற்று. கட்டாத எலும்புக்குக் காத்திருந்து என்ன ஆகும் என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை.

விடுதியில் வாசிக்க இதில் ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இசபெல்.


கொழும்பு,
1934 மார்ச் 16.

இசபெல்,

நீ சுகந்தானே? உன் கடிதத்தை யாருக்கும் வாசிக்கவில்லை. நேற்று முழுவதும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிள்ளைக்கு எந்தக் கால்?

ஜஸ்டஸ்.


நெய்யூர்,
1934 ஏப்ரல் 5.

அன்பான அண்ணனுக்கு,

இடது கால். போன ஜூலையிலேயே எழுதியிருந்தேன். போகட்டும், கேட்டீர்களே, அதுவே போதும். நானும் பிள்ளையும் சுகம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஈஸ்டர் திங்களன்று காலையில் அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் போய்விட்டார். நான் பூங்கனியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். பஸ் நிறைய நம் ஊர்க்காரர்கள். கொடி, தகரடப்பா, விசில். என்னைக் கண்டதும் ஒரே ஆரவாரம். "வாத்தியாரம்மாவும் மேட்ச் பாக்க வாறாவ! எடம் விடுங்கலே!" ராஜையன் எழுந்து இடம் கொடுத்தான். சாணி கரைத்தவர்கள், பனங்கொட்டை வைத்தவன், எல்லாரும் அந்த பஸ்ஸில் இருந்திருப்பார்கள். "நா அன்னைக்கே சொன்னம்லா? சாருக்குத் தூரத்துப் பார்வ உண்டும்னு சொன்னது ஆரு? நாந்தான!" என்றான் ராஜையன். பக்கத்தில் நேசமணி, "ஆமா, ஒம் பார்வ எனக்குத் தெரியாதா? சாணிச்சட்டி ஒங் கடையிலதான கெடந்தது" என்றார். ராஜையன் காது கேட்காதவன் மாதிரி பூங்கனியை மடியில் வாங்கிக்கொண்டு, "ஏட்டி குட்டி, ஒங்கப்பன் இன்னைக்குக் கோப்ப கொண்டுவாறாரு, அதுல நீ பாலு குடிக்கலாம்" என்று குலுக்கினான். காலைப் பிடித்துக் குலுக்கினான். அவள் வீறிட்டாள். பிடுங்கிக்கொண்டேன். நாகர்கோவிலில் எல்லாரும் மைதானத்துக்குத் திரும்ப, நான் நெய்யூர் பஸ்ஸைத் தேடிப் போனேன். வாத்தியாரம்மா வழி தப்பிப் போகிறாள் என்று பின்னாலிருந்து கூப்பிட்டார்கள்.

வெள்ளைக்கார துரை டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். பிறவியிலேயே தொடையெலும்பு இடுப்புக் குழியை விட்டு விலகியிருக்கிறது. தானாகப் பலப்படுகிற காரியமில்லை. மயக்க மருந்து கொடுத்து எலும்பைக் கையால் குழிக்குள் அமர்த்தி, இரண்டு காலையும் தவளை போல விரித்து மாவுக்கட்டு போட வேண்டும். மாதக்கணக்கில் அப்படியே கிடக்க வேண்டும். முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் சுலபமாம். இப்போதும் கை மீறவில்லை. இன்னும் ஒரு வருஷம் போனால் கையால் அமர்த்த முடியாது, கத்தி வைக்க வேண்டும், அப்போதும் நொண்டல் முழுக்கப் போகுமென்று சொல்ல முடியாது என்றார். அவர் இந்த மாதக் கடைசியில் சீமைக்கு லீவில் கப்பலேறுகிறார். அதற்கு முன் தானே செய்துவிடுவதாகச் சொல்லி ஒரு கட்டிலும் ஒதுக்கித் தந்தார். உங்கள் மச்சானுக்கு ஆள் அனுப்பும்படி அவரிடம் சொன்னவள் நான்தான்.

உங்கள் மச்சான் மறுநாள் வந்தார். கழுத்தில் மாலை போட்ட தடம் இன்னும் சட்டையில் மஞ்சளாயிருந்தது. ஜெயித்துவிட்டார்கள், அண்ணா. ஒரே கோல். பந்து எல்லார் காலிலும் சுற்றிச் சுற்றிப் போய் குளச்சல்காரர்கள் கிறுகிறுத்து நின்றபோது, சிலுவைதாசனுக்குப் பதில் வாங்கின அந்தச் சின்னவன் போட்டானாம். சிலுவைதாசன் ஓடி வந்து அவனைத் தூக்கிக்கொண்டானாம். இதெல்லாம் எனக்குச் சொன்னது ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். உங்கள் மச்சான் உள்ளே நுழைந்ததும் கட்டுப்போட்ட நோயாளிகள்கூட எழுந்து வந்து சுற்றிக்கொண்டார்கள். "சாரே, பொறுமைன்னா அத ஒங்ககிட்டப் படிக்கணும்" என்று கம்பவுண்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

என் மேல் கோபப்படவில்லை. சொல்லாமல் வந்தாயே என்று ஒரு வார்த்தை இல்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். பிறகு, "தொரைகளே, இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பாக்கலாமே. ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு ஊரே தள்ளின பிள்ளைக பெலத்து வந்தத நேத்துதான் கண்ணாலக் கண்டேன்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற மனுஷனோடு என்ன வாதாட? நான் சம்மதிக்கிறேன், செய்யுங்கள் என்றேன். டாக்டர் என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். தாயும் தகப்பனும் ஒருமனப்பட்டு வாருங்கள், கட்டிலை வைத்திருக்கிறேன் என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் அவரிடம் கத்தினேன். ஒரு வருஷத்துக் கத்தலையும் சேர்த்துக் கத்தினேன். அவர் மெதுவாக, "மயக்கத்துக்குப் போனவ முழிக்கலேன்னா என்ன செய்வ இசபெல்?" என்று கேட்டார். அவ்வளவு நாளும் அந்தப் பயத்தைத்தான் பொறுமை என்று எனக்கும் ஊருக்கும் விற்றிருக்கிறார். அந்த நிமிஷம் எனக்கு இரக்கம் வந்தது. உடனே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒரு வருஷந்தான, பொறு" என்றார். வந்த இரக்கமும் போய்விட்டது.

கடைசியில் ஒன்று சொன்னார். "ஜஸ்டஸ் என்ன சொல்லுகானோ அதக் கேக்கேன். ஊரே காறித் துப்பினப்ப என்ன மனசிலாக்கினவன் அவன் ஒருத்தன்தான்." சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார், அங்கே கோப்பையை வைத்துக் கோயிலில் ஸ்தோத்திர ஆராதனையாம்.

நான் பிள்ளையோடு இங்கேதான் இருக்கிறேன், ஊருக்குப் போக மாட்டேன். இந்த ஒரு வருஷமும் நீங்கள் அவரைப் புகழ்ந்து எழுதியதையெல்லாம் நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு. இப்போது அது ஒன்றுதான் எனக்குத் துணை. அவருடைய பெயருக்கே எழுதுங்கள். சம்மதியுங்கள் மச்சான், மயக்கத்துக்குப் பயப்படாதீர்கள் என்று எழுதுங்கள். ஆட்டத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். இதில் சந்தேகமிருந்தால் அதையும் எனக்கு மறைக்காமல் எழுதிவிடுங்கள், நான் வேறு வழி பார்க்கிறேன்.

பூங்கனி பக்கத்துக் கட்டிலில் கிடக்கிற கிழவருக்கு நடந்து காட்டிக்கொண்டிருக்கிறாள். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன். இந்தக் கடிதம் கண்டவுடன் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
இசபெல்.